அம்மாவுக்கு ஒரு சின்ன ரூம்!

செமஸ்டருக்கு முந்தின நாள், காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? 'அண்ணே, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க' என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். எதுக்கு என்று கடைக்காரரும் கேட்க மாட்டார். இவரும் சொல்ல மாட்டார். அண்ணன் ஒரு பட்டனைத் தட்டுவார். ஏ-4 தாள் முழுக்க விரிந்து கிடந்த தெர்மோடைனமிக்ஸ், தீப்பெட்டி சைஸில் சுடச்சுட வந்து விழும். ஒரு எழுத்து உதிர்ந்திருக்காது. ஒரு ஃபார்முலா இடம் மாறியிருக்காது. அந்த வேலைக்குப் பேர் 'ரிடக்‌ஷன்'.

இதே வார்த்தையை 1889-ல் ஒருத்தர் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தினார். பிரெஞ்சில் எழுதினார், அவ்வளவுதான் வித்தியாசம். தான் வரைந்ததில் நல்ல படங்களாகப் பார்த்து, அவற்றைச் சின்ன சைஸில் திரும்ப வரைந்து அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். எழுதியவர் வின்சென்ட் வான்கோ. எழுதிய இடம், தெற்கு பிரான்ஸில் சான் ரெமி என்கிற ஊரின் மனநல விடுதி.

ஜெராக்ஸ் மெஷினுக்கு ரெண்டு செகண்ட். அவருக்கு? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பேச்சுலர் ரூம்

நீங்கள் ஹாஸ்டல்வாசி என்றால் இந்தப் படம் உங்களுக்கு உடனே பிடிக்கும். ஏனென்றால் படத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மரக்கட்டில். ரெண்டு நாற்காலி. ஒரு சின்ன மேஜை, அதன்மேல் முகம் கழுவ ஜாடியும் பேசினும். ஜன்னல், கண்ணாடி, சுவரில் ஆணியடித்து மாட்டிய துணிகள், சில படங்கள். 'படுக்கையறை' என்று பேர்.

1888 மே மாதம் வான்கோ, ஆர்ல் என்கிற ஊரில் மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். பணம் தம்பி தியோ அனுப்புவது. அங்கே ஓவியர்கள் எல்லாரும் வந்து தங்கி, சேர்ந்து வரைந்து, சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பெரிய கனவு. கனவு எவ்வளவு பெரிசு என்றால், தனியாக இருந்த மனுஷர் ஒரு டஜன் நாற்காலி வாங்கிப் போட்டார்! அந்த அக்டோபரில் பால் கோகன் வருவதாக இருந்தது. அவர் வருவதற்குச் சில நாள் முன்பு, கண் வலிக்க வலிக்க வேலை பார்த்துவிட்டு, கட்டாய ஓய்வில் வீட்டிலேயே கிடந்தபோது தன் அறையையே வரைந்தார். படம் பார்த்தாலே தலைக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

கேன்வாஸ் அளவு, 72-க்கு 91 சென்டிமீட்டர் சுமார். அந்தக் காலத்து பிரான்ஸில் கேன்வாஸுக்கு செருப்பு, சட்டை மாதிரி நம்பர் உண்டு. இது 30-ஆம் நம்பர். அவருடைய பெரிய முயற்சிகள் பலவும் இதே நம்பர்தான்.

படம் முடிவதற்கு முன்பே தியோவுக்கு ஒரு கடிதம், அடுத்த நாளே கோகனுக்கு ஒரு கடிதம். ரெண்டிலும் அந்த அறையைப் பேனாவால் கிறுக்கிக் காட்டினார். நிறங்களை வார்த்தையில் வரிசையாகச் சொன்னார். அதில் சுவர் வெளிர் ஊதா. ஆனால் இன்றைக்குப் படத்தில் சுவர் நீலமாகத்தான் தெரிகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வருஷங்கள் போகப் போக வெளுத்துவிட்டது. நீலம் மட்டும் மிச்சம். ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது.

ஆக, எண்ணிப் பாருங்க. பெயின்ட்டில் ஒன்று, கடிதத்தாளில் ரெண்டு. ஒரே வாரத்தில் ஒரே அறை, ரெண்டு சைஸ்களில் வந்துவிட்டது. கதை இனிமேல்தான்.

ஈரம்

கோகன் அக்டோபர் 23 அன்று வந்தார். டிசம்பர் 23 அன்று வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டார். நடுவில் நடந்த ரெண்டு மாசத்தைப் பற்றி ஆயிரம் புத்தகம் எழுதிவிட்டார்கள். நமக்கு இங்கே அது வேண்டாம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மஞ்சள் வீடு பூட்டிக்கிடந்தது. ரோன் நதியில் வெள்ளம். அடுப்பு எரியாத வீட்டில் சுவரெல்லாம் ஈரம் ஊறியது. உள்ளே இருந்த 'படுக்கையறை'யில் பெயின்ட் பெயர ஆரம்பித்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து தன் படங்களைப் பார்த்தபோது இதுதான் இருப்பதிலேயே நல்ல படம் என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் கெட்டுப்போயிருந்தது. நம்ம ஹார்ட் டிஸ்க் எப்போது புட்டுக்கும் தெரியுமா? பிராஜெக்ட் சப்மிட் பண்ணுகிற அன்றைக்கு. அந்தக் கதைதான்.

படத்தைப் பாரிஸுக்குத் தம்பியிடம் அனுப்பினார். தியோ அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் புதுத் துணி ஒட்டிச் சரிசெய்வதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினார். அதற்குள் வான்கோ 1889 மே மாதம் சான் ரெமி விடுதியில் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டார். கோடையில் மறுபடி ஒரு பெரிய தாக்குதல். பல வாரம் தூரிகையைத் தொட முடியவில்லை. செப்டம்பரில்தான் எழுந்தார்.

எழுந்து என்ன செய்தார்? ஜன்னலில் இரும்புக் கம்பி போட்ட ஒரு அறையில் உட்கார்ந்து, தனக்குச் சொந்தம் என்று இருந்த அந்தப் பழைய அறையைத் திரும்ப வரைந்தார். ஏறக்குறைய அதே சைஸ்... 73-க்கு 92. இது ரெண்டாவது படம். இப்போது சிகாகோவில் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் மூணாவது படம். அதுதான் ரிடக்‌ஷன். 57-க்கு 74 சென்டிமீட்டர் சுமார். அம்மாவுக்கும் தங்கை வில்லுக்கும்.

பிரஷ் சின்னதாகுமா பாஸ்?

'சின்னதா வரைஞ்சா வேலை கம்மிதானே?' என்று உங்களில் யாராவது நினைத்தால், நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஆறடி தட்டியில் வரைந்த ஒரு படத்தை அப்படியே அழைப்பிதழ் அட்டைக்கு வரைந்து தருவதாக வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். தட்டியில் ஜம்மென்று இருந்த மயில், அட்டையில் கோழியாகிவிட்டது. தோகையில் இருந்த கண்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே ஈயென்று இழுகிவிட்டன.

காரணம் இதுதான். கேன்வாஸ் சின்னதாகலாம், உங்கள் கை சின்னதாகாது. வான்கோ படத்தில் பெயின்ட் தடிமனாக, வரப்பு மாதிரி நிற்கும். ஒவ்வொரு இழுப்பும் தனியாகத் தெரியும். பெரிய படத்தில் கட்டில் காலுக்கு நாலு இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்க. அதே பிரஷ்ஷால் சின்ன படத்தில் மூணுதான் கொள்ளும். எந்த மூணு? எது போகலாம்? பொடி பிரஷ் எடுத்து நாலையும் நுணுக்கி வைக்கலாம்தான். வைத்தால் அது வான்கோ படமாக இருக்காது, சுத்தபத்தமான பொம்மைப்படமாகிவிடும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று, முதல்தடவை முடிவு செய்ததை இரண்டாம்தடவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்கிலும் ஒரு சின்ன சிக்கல் பாருங்க. முதல் படத்தை அப்படியே 74 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 58.7 வர வேண்டும். அவர் கேன்வாஸின் உயரம் 57.5. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் துண்டு விழுகிறது. தரையில் குறைப்பதா, கூரைப் பக்கம் குறைப்பதா, கட்டிலை அமுக்குவதா? மெஷினுக்கு இந்தக் கேள்வியே வராது.

ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டாக இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நமக்கும் தெரிந்த வழிதான். ஸ்கூலில் காலண்டர் படத்தின் மேல் ஸ்கேலால் கட்டம் போட்டு, சார்ட்டில் அதைவிடப் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் காப்பி அடித்திருப்போமே, அதே. நம்ம சினிமா பேனர் ஓவியர்களின் ஆயுதமும் அதுதான். உள்ளங்கை அளவு ஸ்டில் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, ஹீரோவின் மூக்கையே ஆளுயரத்துக்கு வரைந்தவர்கள் அவர்கள். பேனர் பெரிசென்றால் துண்டு துண்டாகத்தான் வரைய முடியும். கண்ணை வரைகிறவருக்கு வாய் எங்கே என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துச் சாரத்தில் ஏற்றிய பிறகுதான் முழு முகம். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. (மும்பையில் எம்.எஃப். ஹுசைன் ஆரம்ப காலத்தில் பிழைத்தது சினிமா ஹோர்டிங் வரைந்துதான் என்பது உபரித் தகவல்.)

ஆனால் கட்டம் போட்டால் இடம்தான் சரியாக வரும். உயிர் வருமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியில் மண்டை காய்ந்தவர் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள். (போலீஸ் இல்லை, பேரே அதுதான்!) ஊரில், வயக்காட்டில் நின்று சின்னச் சின்ன ஸ்கெட்ச்களைச் சடசடவென்று வரைவார். அதில் காற்றடிக்கும், மேகம் ஓடும். அதையே லண்டன் கண்காட்சிக்காக ஆறடிக்குப் பெரிசாக்கினால் எல்லாம் உறைந்துபோகிற பயம். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஆறடிக்கே ஒரு 'ரஃப் காப்பி' போட்டார்! முழு சைஸில் ஒருதடவை கிறுக்கிப் பார்த்துவிட்டு, அதே சைஸில் இன்னொரு கேன்வாஸில் ஃபேர் காப்பி. 1821-ல் வந்த அவருடைய பிரபல 'வைக்கோல் வண்டி' படம் அப்படிப் பிறந்ததுதான். ரஃப் காப்பியில் ஆற்றோரம் குதிரைமேல் ஒரு ஆள் இருப்பான். ஃபேர் காப்பியிலும் முதலில் அவனை வரைந்தார். அப்புறம் அவனை அழித்து ஒரு பீப்பாயை வைத்தார். அப்புறம் பீப்பாயையும் அழித்துவிட்டார். ரெண்டு படமும் லண்டனிலேயே வேறு வேறு மியூசியங்களில் இருக்கின்றன. அந்த ரஃப் காப்பியை அவர் யாருக்கும் விற்பதற்காக வரையவில்லை. இன்றைக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்கிற ரசிகர்கள் ஏராளம். என் ஓட்டும் அதுக்கே.

சின்னப் படம், பெரிய கோபுரம்

இதற்கு நேர் தலைகீழான ஒரு ஆசாமியும் உண்டு. பீட்டர் புருகல். பதினாறாம் நூற்றாண்டு. பைபிளில் வரும் பாபேல் கோபுரத்தை வரைந்தவர். வானத்தைத் தொடக் கட்டப்போய் மொழி குழம்பி நின்றுபோன கோபுரம். அவர் இதை இரண்டுதடவை வரைந்தது இப்போதும் இருக்கிறது. 1563-ல் வரைந்த பெரியது வியன்னாவில், 114-க்கு 155 சென்டிமீட்டர். சின்னது ராட்டர்டாமில், 60-க்கு 75 சுமார். பரப்பளவில் நாலில் ஒரு பங்கு.

சின்னப் படத்தில் கோபுரமும் சின்னதாகத்தானே தெரிய வேண்டும்? இங்கேதான் மனுஷர் விளையாடிவிட்டார். பெரிய படத்தில் முன்பக்கம் ராஜா வந்து நிற்கிறார், கல் செதுக்குகிறவர்கள் அவர் காலில் விழுகிறார்கள். உங்கள் கண் முதலில் அங்கே போய்விடும். சின்னப் படத்தில் ராஜா கிடையாது. ஆளென்று கண்ணுக்குத் தெரிகிற ஒருத்தரும் கிடையாது. மூக்கு படத்தில் இடிக்கிற அளவு கிட்டே போனால்தான், தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாம் மனுஷர்கள் என்று தெரியும். அவ்வளவு பொடி மனுஷர்கள் இருந்தால் கோபுரம் எவ்வளவு பெரிசாக இருக்கணும்? கட்டட வேலையும் இதில் கூடுதலாக முடிந்திருக்கிறது. மேல்மாடிகள் இருண்டு, மேகத்துக்குள் போய்விட்டன. கால்வாசி பலகையில் இன்னும் பிரம்மாண்டமான கோபுரம். அளவைக் குறைத்துப் பெரிசாக்குகிற வித்தை!

இந்த வித்தை வான்கோவுக்கு நோக்கமாக இருக்கவில்லை. அவருடைய அறையில் ஆளே இல்லை, குறைப்பதற்கு. ஆனால் அவரும் ஒன்றை மாற்றினார்.

சுவரில் யார்?

கட்டிலுக்கு மேலே, வலதுபக்கச் சுவரில் ரெண்டு முகங்கள் தொங்குகின்றன. 1888-ல் வரைந்த முதல் படத்தில் அவர்கள் ரெண்டு பேரும் நண்பர்கள். ஒருத்தர் யூஜின் போக் என்கிற ஓவியர். இன்னொருத்தர் மிலியே என்கிற ராணுவ அதிகாரி. நம்ம ரூமில் பேட்ச் போட்டோ ஒட்டியிருக்கிற மாதிரிதான். புது ஊர், புது வீடு, புது நண்பர்கள் என்று ஆசை ஆசையாக இருந்த நேரம்.

அம்மாவுக்கு அனுப்பின சின்னப் படத்தில் அவர்கள் ரெண்டு பேரும் இல்லை. ஒரு பக்கம் ஒரு பெண். இன்னொரு பக்கம் வான்கோ. அவரேதான்! அதே செப்டம்பரில் அம்மாவுக்காகத் தாடியை மழித்த முகத்தோடு ஒரு சுயசித்திரம் வரைந்திருந்தார். அந்தச் சாயலில் ஒரு சின்னஞ்சிறு முகம், சுவரில்.

யோசிச்சுப் பாருங்க. முப்பத்தாறு வயசு மகன். காதை அறுத்துக்கொண்டான், விடுதியில் இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு எழுபது வயசு. 'நான் நல்லா இருக்கேன்மா' என்று எத்தனைதடவை எழுதினாலும் எந்த அம்மா நம்புவாள்? ஒழுங்காகப் போட்ட படுக்கை, துவைத்து மாட்டிய துணி, நேராக நிற்கிற நாற்காலி, ஷேவ் பண்ணின முகம். இது நான் ஊகிப்பதுதான். அவர் இப்படி எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு போன் பண்ணும்போது, காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் 'சாப்ட்டேன்மா, நல்ல சாப்பாடு' என்று சொல்லுகிற ஜாதி நாம். நமக்கு இது புரியாமல் போகுமா?

தங்கைக்கு எழுதிய கடிதத்தில் கொஞ்சம் கூச்சம்கூட எட்டிப்பார்க்கிறது. ஒரு கட்டிலும் ரெண்டு நாற்காலியும் மட்டும் இருக்கிற இந்தக் காலி அறை உனக்கு அழகாகவே தெரியாமல் போகலாம். ஆனாலும் நான் இதைப் பெரிசாக இரண்டுதடவை வரைந்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் எழுதினார். வீட்டில் நம்ம டேஸ்ட்டைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்கிற பயம் வான்கோவுக்கும் இருந்திருக்கிறது பாருங்க!

இது ஒன்றுதான் என்றில்லை. கோதுமை வயலில் அறுவடை செய்கிறவனை, சைப்ரஸ் மரம் நிற்கிற வயலை... இவற்றையும் அதே காலத்தில் அம்மாவுக்கும் தங்கைக்கும் சின்ன சைஸில் திரும்ப வரைந்தார். உயிரோடு இருந்தவரை படங்கள் அவ்வளவாக விற்காத ஒருத்தர், தன்னிடம் இருந்ததில் உசத்தியானதைப் பொறுக்கி, வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஆக்கி அனுப்பினார்.

பத்து மாசம் கழித்து, 1890 ஜூலை 29 அன்று இறந்துபோனார். தியோ அடுத்த ஆறு மாசத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா 1907 வரை இருந்தார்.

மஞ்சள் வீட்டின்மேல் 1944-ல், உலகப்போரில், குண்டு விழுந்தது. வீடு இப்போது இல்லை. அம்மாவுக்கு வரைந்த படம் கை மாறி கை மாறி, மாட்சுகாட்டா என்கிற ஜப்பானியத் தொழிலதிபரிடம் போய், போருக்குப் பிறகு பிரான்ஸ் அரசிடம் தங்கி, இன்று பாரிஸில் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. முதல் படம் ஆம்ஸ்டர்டாமில். 2016-ல் சிகாகோ மியூசியம் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. அப்போது அவர்கள் இன்னொரு கூத்தும் செய்தார்கள். படத்தில் இருக்கிற அறையை நிஜமாகவே கட்டி, கட்டில், நாற்காலி, நீலச் சுவர் எல்லாம் வைத்து, இன்டர்நெட்டில் ஒரு ராத்திரிக்குப் பத்து டாலர் வாடகைக்கு விட்டார்கள். பெயின்ட் வாங்கக் காசு வேண்டும், அதான் வாடகை என்று வான்கோவே சொல்கிற மாதிரி விளம்பரம்! ஆக, நாலாவது சைஸும் வந்தாச்சு: ஆள் படுத்துத் தூங்குகிற சைஸ்.

இந்த மூணு படத்தையும் நீங்கள் இப்போதே தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரு பிரச்னை. உங்கள் ஸ்க்ரீனில் மூணும் ஒரே சைஸில்தான் வரும். எது அம்மாவுக்குப் போனது என்றே தெரியாது.

அதனால் ஒரு வேலை பண்ணுங்க. பழைய பேப்பர்களை ஒட்டி, 92-க்கு 73 சென்டிமீட்டரில் ஒன்று, 74-க்கு 57-ல் ஒன்று வெட்டுங்க. ரெண்டையும் ரூம் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, கட்டிலில் உட்கார்ந்து பாருங்க. பெரியதுக்கு நீங்கள் பின்னால் சாய வேண்டியிருக்கும். சின்னதுக்குக் கொஞ்சம் எழுந்து கிட்டே போவீர்கள். அப்படிப் போகும்போது வலதுபக்கம், கட்டிலுக்கு மேலே வருகிற இடத்தில் பேனாவால் ஒரு சின்னக் கட்டம் போடுங்க.

அந்தக் கட்டத்துக்குள்தான் தாடி எடுத்த அந்த முகம் இருக்கிறது.